மார்கென்தாவை ஏன் வெளியே அனுப்பினார்கள்?

வெளியுறவுக் கொள்கையில் அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொன்ன பேராசிரியர் என்றாலே எல்லாரும் கிஸிஞ்சர் பெயரைத்தான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அரசறிவியல் படிக்கிற பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஹான்ஸ் மார்கென்தாவின் வாழ்க்கையை.

1904ல் ஜெர்மனியின் கோபுர்க் நகரில் பிறந்த யூதர். சட்டம் படித்தவர். ஜெனீவா, மாட்ரிட் என்று அலைந்து, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கேயும் இருக்க வழியில்லாமல் 1937ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் காலூன்றினார். நாடுகளை நடத்துவது அதிகாரமும் தேசிய நலனும்தான் என்று அடித்துச் சொன்ன அவருடைய நூல் 1948ல் வந்தது. சர்வதேச உறவுகள் பாடத்துக்கு அதுவே பல தலைமுறைகளுக்கு அடித்தளம். ஜார்ஜ் கென்னன் வெளியுறவுத் துறையில் கொள்கை வகுக்கும் பிரிவின் தலைவராக இருந்தபோது மார்கென்தாவ் அங்கே ஆலோசகர். கென்னடி ஆட்சியிலும் அவரைக் கூப்பிட்டார்கள்.

'அதிகாரம்' என்ற சொல்லைப் பார்த்ததும், சண்டைக்கு வரிந்துகட்டிய ஆள் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. அதிகாரத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதருக்கு, அது எங்கே செல்லுபடியாகாது என்பதும் தெரிந்திருந்தது. வியட்நாமில் அமெரிக்கா காலை விடக்கூடாது என்று அவர் சொன்னது போர் வெறுப்பாளராக அல்ல; கணக்குப் பார்த்துத்தான். ஐரோப்பாவில் சோவியத் படையைத் தடுத்து நிறுத்திய உத்தியை அப்படியே ஆசியாவுக்குக் கொண்டுபோக முடியாது. சீனாவின் செல்வாக்கு படைபலத்தால் மட்டும் வந்ததில்லை, அரசியலாலும் பண்பாட்டாலும் பரவியது. அதைக் குண்டு போட்டுத் தடுக்க முடியாது. வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னுக்குப் பின்னால் நிற்பது கம்யூனிஸம் மட்டுமல்ல, தேசிய உணர்வும்தான். இதையெல்லாம் அவர் பத்திரிகைகளில் எழுதியபோது பெருவாரியான அமெரிக்கர்கள் போரை ஆதரித்துக்கொண்டிருந்தார்கள்.

1965 மே மாதம் வாஷிங்டனில் வியட்நாம் பற்றி நடந்த பொது விவாதத்தில் அரசின் பக்கம் பேச வேண்டியவர் மெக்ஜார்ஜ் பண்டி. ஹார்வர்டில் 34 வயதிலேயே டீன் ஆனவர், அப்போது அதிபர் ஜான்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். கடைசி நேரத்தில் ஜான்சன் அவரை டொமினிகன் குடியரசுக்கு அனுப்பிவிட்டார். பண்டியும் மார்கென்தாவும் நேருக்கு நேர் விவாதித்தது ஜூன் 21 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில்தான். பண்டியோடு சேர்ந்து அரசின் பக்கம் பேசியவர்களில் பிரெஸின்ஸ்கியும் ஒருவர். 12 வருடம் கழித்துப் பண்டியின் அதே பதவிக்கு வந்தவர்.

அன்றைக்குப் பண்டி கையாண்ட உத்தியைக் கவனியுங்கள். வியட்நாம் நிலவரத்தைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டு, மார்கென்தாவ் முன்பு எழுதியவற்றைத் தேடி எடுத்துவந்து, வியட்நாமின் பக்கத்து நாடான லாவோஸ் பற்றி நீங்கள் சொன்ன ஆரூடம் பலிக்கவில்லையே என்று மடக்கினார். லாவோஸ் விஷயத்தில் நான் தவறியிருக்கலாம், அதனால் வியட்நாம் விஷயத்திலும் தவறு என்று ஆகிவிடாது என்றார் மார்கென்தாவ். நியாயமான பதில். ஆனாலும் பார்த்தவர்களில் பலர் பண்டிதான் ஜெயித்தார் என்றார்கள். பேச்சுச் சாமர்த்தியத்தில் ஜெயித்திருக்கலாம். அந்த வருடமே ஜான்சன் அரசு மார்கென்தாவின் ஆலோசகர் பொறுப்பைப் பறித்தது.

கொள்கையைத் தட்டிக் கேட்கிற ஆளை வெளியே அனுப்பிவிட்டு, தலையாட்டுகிறவர்களை மட்டும் அறைக்குள் வைத்துக்கொள்கிற அரசுக்கு எதற்கு ஆலோசகர்கள்? 1965 மார்ச்சில் தென் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் அமெரிக்க மரைன் படையினர் இறங்கினார்கள். 1969ல் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகள் 5,40,000க்கும் மேல். செத்த அமெரிக்க வீரர்கள் மட்டும் 58,000க்கு மேல், வியட்நாமியர்கள் பல லட்சம் பேர். 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது. மார்கென்தாவ் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1980ல் இறந்தார்.

போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா 1995ல் எழுதிய நினைவுக் குறிப்புகளில், நாங்கள் செய்தது தவறு, பயங்கரமான தவறு என்று ஒப்புக்கொண்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் வியட்நாம் வட்டாரத்தைப் பற்றி ஆலோசனை கேட்க அரசுக்குள் விவரம் தெரிந்தவர்கள் இல்லை என்றும் அதில் ஒரு காரணம் சொல்கிறார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எச்சரித்தவர் அவர்களுடைய சம்பளப் பட்டியலிலேயே இருந்தவர்.