நுவரெலியாக் குளிரும் மொரிஸ் மைனரும்

“கொழும்பிலிருந்து பழைய மொரிஸ் மைனர் காரோடு நுவரெலியாவுக்குக் குடிபோனால் எஞ்சின் சூடேறாது, செலவும் மிச்சம்” என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர் உண்மைதான். மற்றது அப்படியில்லை அண்ணே.

நகரம் ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவுக்குப் போகும் வழியிலுள்ள றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெதுவாக இழுக்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. அழுத்தம் பிடித்துவைக்கும் ரேடியேட்டர் மூடி பழுதென்றால் ஆவிதான். உயரம் ஏறக் காற்று ஐதாவதால் பெற்றோல் கலவை செறிவாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையில் கரி படிந்திருக்கும். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ கார்பரேட்டரின் அடியிலுள்ள நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் சரி. கொழும்புக்கு இறங்கினால் திரும்பவும் இறக்க வேண்டும்.

எனக்கென்னவோ ஏற்றத்தைவிட இறக்கம்தான் பயம். நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். கீழே புசல்லாவை வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் பிடிமானம் குறைந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் காலத்துக்கு மாற்றுங்கள்.

செலவு என்றால் அது துருதான். மழையும் மூடுபனியும் சேர்ந்து தரைத்தகட்டையும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தையும் தின்னும். டிங்கரிங் கூலி எஞ்சின் வேலையையே தாண்டலாம். உதிரிப்பாகம் தேடி இன்னும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் வருடாவருடம் தனி.

அப்புறம், கார் இன்னும் வாங்கவில்லை என்றால், முதலில் கால்விரிப்பைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா என்று ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள்.