யேனாவின் கறுப்புக் கரடி விடுதி

ஜெர்மனியின் மிகப் பழைய விடுதி என்ற பட்டத்துக்கு ஃபிரைபுர்க் நகரத்துச் சிவப்புக் கரடி விடுதியும் மில்டன்பெர்க் நகரத்து ராட்சதன் விடுதியும் உரிமை கொண்டாடுகின்றன. அந்தப் போட்டியில் எனக்கு அக்கறையில்லை. வயதில் இளையதான, யேனா நகரத்துக் கறுப்புக் கரடி விடுதியையே நான் முன்வைப்பேன். ஏனெனில் அங்கே ஒரு மேசையைச் சுற்றி யார் அமர்ந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை உடனிருந்த ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

1522 மார்ச் மாதம். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரிலிருந்து விட்டன்பெர்க்கில் படிக்கப் புறப்பட்ட யோஹான்னஸ் கெஸ்லர் என்ற இளைஞர், தம் தோழருடன் கடும் மழைக்காற்றில் யேனாவை வந்தடைந்தார். எங்கும் இடம் கிடைக்காமல் ஊரைவிட்டே வெளியேறவிருந்தவர்களுக்கு வழிப்போக்கர் ஒருவர் காட்டிய இடமே கறுப்புக் கரடி. உள்ளே, வாளணிந்த வீரர் ஒருவர் சிறிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். சேறு படிந்த காலணிகளுடன் மேசைக்குப் போகக் கூசிக் கதவோரப் பெஞ்சில் ஒண்டியவர்களை அவரே அழைத்து, அருகில் அமர்த்திக் குடிக்கக் கொடுத்தார். திருச்சபையை எதிர்த்துக் கிறித்தவச் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் விட்டன்பெர்க்கில் இருக்கிறாரா என்று அவர்கள் கேட்டபோது, இப்போது இல்லை, விரைவில் வந்துவிடுவார் என்று உறுதியாகச் சொன்னார். அவர் கையிலிருந்ததோ எபிரேய மொழியிலான விவிலியச் சங்கீத நூல். வாளேந்தியவருக்கு எபிரேயம் எதற்கு? அவர்தான் லூதர் என்று விடுதிக்காரர் கெஸ்லரின் காதில் போட்டும், மாணவர்கள் அவரை ஹுட்டன் என்ற வீரராகவே எண்ணிக்கொண்டார்கள். அன்றைய இரவு உணவுக்கான பணத்தையும் மாறுவேடத்திலிருந்த லூதரே கொடுத்தார்.

இந்தக் கதையில் அந்த விடுதிக்காரரை யாரும் பாராட்டுவதில்லை என்பது என் குறை. லூதருக்கு உணவோ உறைவிடமோ தரக் கூடாது என்று 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் ஆணை பிறந்திருந்தது. யேனா அடங்கிய சாக்சனியின் ஆட்சியாளர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றாலும், ஆளைத் தெரிந்தே மேசை போட்டுக் கொடுத்தவர் இவர். முன்பின் தெரியாத மாணவர்களிடம் வாய்விட்டதை நான் மன்னித்துவிடுகிறேன். அவர் சொல்லியிராவிட்டால் கெஸ்லரின் குறிப்பே சுவை குன்றியிருக்கும்.

அதே விடுதியில் 1524 ஆகஸ்ட் 22 அன்று நடந்ததை அவ்வளவு பெருமையாக யாரும் பேசுவதில்லை. சமயச் சீர்திருத்தத்தில் தம் பழைய தோழரான கார்ல்ஸ்டாட்டுடன் பலர் முன்னிலையில் வாதிட்ட லூதர், முடிந்தால் தமக்கு எதிராக வெளிப்படையாக எழுதும்படி சொல்லி ஒரு பொற்காசைக் கொடுத்தார். கார்ல்ஸ்டாட் அதைச் சுற்றியிருந்தோருக்குக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த மாதமே அவர் சாக்சனியிலிருந்து வெளியேற்றப்பட்டார். லூதரின் பெருந்தன்மைக்கு அன்று இருந்த மதிப்பு அவ்வளவுதான் என்பேன். காசை வாங்கியவரோ சொன்னபடியே எழுதி, அவ்வாண்டு முடிவதற்குள் பாசெல் நகரில் தம் நூல்களை அச்சேற்றிவிட்டார்.