ஒரு கிலோ உப்பு எத்தனை நாள்?

என் அம்மாவுக்கு எண்பத்தோரு வயது. சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, வழக்கம்போல வீட்டுக் கருவியில் பிரஷர் பார்த்தபோது, திரையின் ஓரத்தில் சிறிய இதயப் படம் ஒன்று மின்னி மின்னி மறைந்தது. கருவிதான் பழுது என்று நினைத்து பேட்டரியை மாற்றினேன். படம் மறுபடியும் மின்னியது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். இரண்டு துடிப்புகள் அவசரமாக வந்தன, அடுத்தது தாமதித்தது, பிறகு மூன்று நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அன்றைக்கே பாளையங்கோட்டையில் இசிஜி எடுத்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை என்றார்கள். எக்கோ பரிசோதனையில் இடது மேலறை விரிந்திருப்பதும் தெரிந்தது. மருத்துவர் முதலில் கேட்டது, பிரஷர் எத்தனை வருடமாக இருக்கிறது என்பது. அடுத்தபடியாகக் கேட்டது, வீட்டில் மாதம் எவ்வளவு உப்பு வாங்குகிறீர்கள் என்பது. முதல் கேள்விக்குப் பதினாறு ஆண்டுகள் என்று பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை.

முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். சோடியம் 23, குளோரின் 35.5, ஆகவே உப்பின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு சோடியம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்த கதையையும் வகுப்பில் சொல்வதுண்டு. குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தபோது நன்றாகத் துடித்த இதயம், வடித்துத் தூய்மையாக்கிய நீரில் கரைத்தபோது துவண்டுபோயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே காரணம் என்று அவர் பிறகு கண்டறிந்தார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் உரிய அளவில் இருந்தால்தான் இதயத்துக்குத் தாளம் உண்டு என்பது அன்றே தெரிந்துபோன விஷயம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, ஊறுகாய் தின்றால் அந்தச் சோடியம் நேரே போய் இதயத்தின் மின்னோட்டத்தைக் கலைத்துவிடும் என்று நினைப்பது தவறு. நாம் எவ்வளவு உப்புத் தின்றாலும் இரத்தத்தின் சோடியம் அளவை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 135-க்கும் 145-க்கும் இடையில் வைத்திருக்கச் சிறுநீரகங்கள் பாடுபடுகின்றன. மிஞ்சிய உப்பை நீர்க்கச் செய்ய உடல் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, இரத்தத்தின் கனஅளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து வருடக்கணக்கில் தள்ளித்தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்து இறுகிப்போக, அதற்குள் இரத்தத்தை இறக்க முடியாமல் மேலறை விரிகிறது, அதன் தசையில் தழும்புநார் படர்கிறது. மின்துடிப்பு வழிதவறிச் சுற்றுவதற்கு அந்தத் தழும்புகளே போதும். ஆகவே அம்மாவின் நாடி அந்த ஆவணியில் கெட்டதல்ல. பதினாறு ஆண்டுகளாக, மாத்திரையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்ட எங்கள் வீட்டில் மெல்ல மெல்லக் கெட்டது. சாப்பாட்டில் எப்போதும் மேலும் உப்புத் தூவிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களைவிட, அரிதாகவோ அறவே தூவாமலோ உண்பவர்களுக்கு இந்த நோய் 18 விழுக்காடு குறைவாக வந்தது என்று பிரிட்டன் மக்களின் தரவைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. அத்தகைய ஆய்வு காரணத்தை நிரூபித்துவிடாது என்றாலும், பிரஷர் வழியாக நடக்கும் கேட்டில் ஐயம் ஒன்றும் இல்லை.

மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை காண ஒரு வேலை செய்தோம். புதிதாகப் பிரித்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின் மேல் என் மனைவி பேனாவால் தேதியை எழுதி வைத்தாள். வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். பாக்கெட் இருபத்திரண்டாம் நாள் தீர்ந்துவிட்டது. கணக்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு கிராமுக்கு மேல். மீன் கழுவியதிலும் காய் அலசியதிலும் போனதென்று தாராளமாகக் கால் பங்கைக் கழித்தாலும் எட்டரை கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவாக. இந்தியாவின் சராசரியே சுமார் 8 கிராம் என்று 2017-18 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. எங்கள் வீட்டை மட்டும் குறைசொல்ல முடியாது என்று அன்று ஓர் அற்ப ஆறுதல்.

உணவுப் பாக்கெட்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் சோடியம் அளவைப் படியுங்கள் என்ற அறிவுரையைப் பலரும் பகிர்கிறார்கள். அமெரிக்காவில் அது பொருந்தும், அங்கே சோடியத்தின் பெரும்பகுதி ஆலையிலும் உணவகத்திலும் சேர்வது. நம் வீடுகளில் உப்பு கையால் விழுகிறது. காலையில் இட்லி மாவில், சட்னியில்; மதியம் குழம்பில், பொரியலில், ரசத்தில், கடைசியாக மோரில். ஒவ்வொரு முறையும் கை அதன் பழக்கப்படி அள்ளுகிறது. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ல்தான். அதற்கு முன் உப்பளமும் நம் திருநெல்வேலி ஜில்லாவுக்குள்தான் இருந்தது. வண்டியில் வந்த கல்லுப்பைப் படியால் அளந்து வாங்கி மரவையில் கொட்டிவைத்துப் புழங்கிய கை அம்மாவுடையது. உப்பை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது?

பாக்கெட் கணக்கில் அகப்படாதவையும் உண்டு. நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், சுண்டவத்தல், கருவாடு, அல்வாவை விழுங்கியதும் வாய்க்கு வேண்டியிருக்கும் ஒரு கை மிக்சர் ஆகியவற்றில் உப்பு இருப்பதை நாக்கே சொல்லிவிடும். அப்பளம் கொஞ்சம் ஏமாற்றும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அப்பளத்தில் போடும் அப்பளக்காரமும், பஜ்ஜி மாவில் போடும் ஆப்பசோடாவும் உப்புக் கரிக்காத சோடியம்.

அடுத்து நான் செய்த பிழை. உப்பைக் குறைத்தபோது அம்மா, "உப்புச் சப்பில்லாம என்னத்தல திங்க? நாக்கு செத்துப் போச்சு" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். முதலில் இந்துப்பு வாங்கினேன். அதுவும் ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடுதான் என்பது தெரிந்தவனே வாங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒரு கடையில், "சார், இது ஹார்ட்டுக்கு நல்ல உப்பு" என்று சோடியம் குறைந்த உப்பைக் கொடுத்தார்கள். சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது அது. பொருளைக் குறைசொல்வதற்கில்லை. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை உண்டவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகம் மோசமாகப் பழுதுபட்டவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் ஓரளவு தளர்ந்திருந்தது. அவள் சாப்பிட்ட டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் இரண்டுமே பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரைகள். போதாததற்கு நான் தினமும், பொட்டாசியம் நிறைந்த இளநீர் ஒன்றை வேறு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9. இருக்க வேண்டியது 5-க்குள். சோடியத்தைப் போல் அல்லாமல், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் தாளம் நேரடியாகவே கெடும், இன்னும் ஏறினால் நின்றும் போகலாம். "வீட்ல உப்ப மாத்துனீங்களா?" என்று கேட்டு மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். 2025 ஜனவரியில் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கியே சொல்லியிருக்கிறது. அந்த எச்சரிக்கை கடை அலமாரி வரைக்கும் வரவில்லை என்பதே என் மனக்குறை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் இந்த உப்புக்கு மாறக் கூடாது.

உப்பை அறவே ஒழித்துவிடலாம் என்று கிளம்புவதும் வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர், கத்திரி வெயிலில் வியர்த்துக்கொட்டி, உப்பில்லாக் கஞ்சியும் வெறும் தண்ணீருமாகக் குடித்தால் சோடியம் இறங்கிப் புத்தி தடுமாறும். எங்கள் தெருவிலேயே ஒருவரை அப்படித் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண அயோடின் உப்பு. குழம்புக்கும் பொரியலுக்கும் கரண்டியால் அளந்து போடுகிறோம், மோரில் போடுவதில்லை, புளிப்பும் மிளகும் பெருங்காயமும் கொஞ்சம் தூக்கல். ஊறுகாய் வெள்ளிக்கிழமை மட்டும், ஒரு துண்டு. அம்மாவின் நாடி ஒழுங்குக்குத் திரும்பவில்லை. விரிந்த மேலறை உப்பைக் குறைத்ததால் சுருங்கிவிடாது. நடுங்கும் மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்கு ஏறாமலிருக்க உறைவுத் தடுப்பு மாத்திரை தொடர்கிறது, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்பதால் அதில் ஒரு வேளையும் தவறவிடுவதில்லை. பிரஷர் மட்டும் 160-லிருந்து 134-க்கு வந்திருக்கிறது, ஒரு மாத்திரையின் அளவையும் பாதியாக்கியிருக்கிறார்கள். பாக்கெட்டில் தேதி எழுதும் வழக்கத்தை நிறுத்தவில்லை. நான்கு பேருக்கு ஒரு கிலோ ஐம்பது நாள் வர வேண்டும். இன்று முப்பத்தெட்டாம் நாள், கால் பாக்கெட் மிச்சம் இருக்கிறது.