சிகிரியா ஓவியங்களில் சிறகு இல்லை

இலங்கையின் சிகிரியா பாறைக் கோட்டையைப் பற்றி, 'மறைக்கப்பட்ட வரலாறு' என்ற தலைப்பில், 'சிகிரியா சிறகு முளைத்த மனிதர்களின் தலைநகரம், உச்சியில் இருந்தது அவர்களின் அரசவை, ஓவியங்களே சாட்சி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அங்கே பாறையில் வரைந்திருக்கும் பெண்களில் ஒருத்திக்கும் சிறகு கிடையாது. இடுப்புக்குக் கீழே மேகம் மறைத்திருக்கும், அவ்வளவுதான். கையில் பூ, சிலரிடம் தட்டு. அவர்கள் அப்சரஸ்களா, அந்தப்புரப் பெண்களா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. அது வேறு விஷயம். கொழும்பு நூதனசாலையில் பிரதிகள் இருக்கின்றன, கிட்டப் போய்ப் பாருங்கள்.

உச்சியில் அரண்மனை இருந்தது உண்மை. கட்டியவன் காசியப்ப மன்னன், 5ஆம் நூற்றாண்டில். ஏறிய வழியும் அப்படியே தெரிகிறது: பெரிய சிங்கச் சிலையின் பாதங்களுக்கு நடுவே படிக்கட்டு, அதற்கு மேல் பாறையில் கால் வைக்க வெட்டிய பள்ளங்கள். சரி, சிறகுள்ளவர்களின் அரண்மனையைக் கதையாக எழுதுங்கள், ஆசையோடு வாசிப்பேன். 'மறைக்கப்பட்ட வரலாறு' என்ற தலைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.