6/12 என்றால் பாதிப் பார்வை இல்லைங்க

மேலே ஒருத்தர், 'பாலக்காட்டுல அப்பாவுக்குக் கண் டெஸ்ட்ல 6/12-னு எழுதிட்டாங்க, பாதிப் பார்வை போச்சு. எனக்கு 6/6, அதனால கண்ணுல நோயே இல்லை'ன்னு போட்டிருக்கார். ரெண்டுமே தப்பு.

அது சதவீதக் கணக்கே இல்லைங்க. மேல இருக்கற 6, எழுத்து வரிகள் இருக்கற சார்ட்டுக்கும் ஆளுக்கும் நடுவுல உள்ள தூரம், மீட்டர்ல. கீழ இருக்கற 12, அவர் படிச்ச கடைசி வரியைச் சராசரிப் பார்வை உள்ளவர் எவ்வளவு தூரத்துல நின்னு படிப்பார்ங்கறது. அவ்வளவுதான். அமெரிக்காவுல இதையே அடிக் கணக்குல 20/40-னு எழுதுவாங்க. கண்ணாடியோட எடுத்ததா, இல்லாமலான்னு சீட்டுல பாருங்க. சரியான பவர் போட்டதும் அதே கண்ணு 6/6 படிக்கலாம். ஊசித்துளை போட்ட அட்டை வழியா பார்க்கும்போது கூடுதல் வரி படிச்சாருன்னா, பெரும்பாலும் பவர் கோளாறுதான்.

வாளையார் தாண்டிக் கேரளாவுக்குக் கண் காட்டப் போறவங்களுக்கு இன்னொண்ணு: சார்ட் மலையாளத்துல இருந்து எழுத்தே தெரியாம முழிச்சிருந்தா அந்த அளவை நம்பாதீங்க. எண் சார்ட்டோ, நாலு பக்கமும் திரும்பி நிக்கற இங்கிலீஷ் 'E' சார்ட்டோ கேளுங்க.

6/6 நடுப்பார்வையை மட்டும்தான் சொல்லும். கிளாக்கோமா (கண் நரம்பைக் கெடுக்கற நோய்) பெரும்பாலும் ஓரப்பார்வையைத்தான் முதல்ல தின்னும், வரி எல்லாம் கடகடன்னு படிச்சுட்டே இருப்பீங்க. நாற்பது தாண்டியிருந்தா கண் அழுத்தமும் கண் நரம்பும் பார்த்துடுங்க.