கருப்பு முத்துச் சிப்பி தஹிதியில் மட்டும்தானா?

மும்பை மாட்டுங்கா தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "கருப்பு முத்துச் சிப்பி பசிபிக் தீவான தஹிதியில் மட்டுமே உண்டு, மும்பை மீன் சந்தையில் விற்கும் கால்வா என்ற உணவுச் சிப்பியும் அதே குடும்பம்தான்." இரண்டுமே தவறு.

பிங்க்டாடா மார்கரிட்டிஃபெரா என்ற இந்தக் கருப்பு உதட்டுச் சிப்பி செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி நம் அந்தமான் உட்பட பசிபிக் தீவுகள்வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. தஹிதிக்குப் புகழ் வந்தது முத்து வளர்ப்புப் பண்ணைகளால்.

அப்புறம், குடும்பம். கால்வா தன் ஓட்டையே பாறையில் சிமென்ட் பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். முத்துச்சிப்பியோ நார்க்கற்றையால் பற்றிக்கொள்ளும். 1758இல், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸே இந்தக் கருப்பு உதட்டுச் சிப்பியைக் கல்லுமக்காயின் பேரினமான மைட்டிலஸில்தான் சேர்த்தார். அவரே தடுமாறிய இடம்! தூத்துக்குடி முத்துச்சிப்பியான பிங்க்டாடா ஃபுகாட்டாதான் இதற்கு நெருங்கிய சொந்தம்.