கிண்டில் ராயல்டி உடனே கைக்கு வராது

கிண்டிலில் மின்னூல் வெளியிடுவது பற்றி, 'டாஷ்போர்டில் (விற்பனைக் கணக்குத் திரையில்) தெரியும் ராயல்டியை, அதாவது எழுத்தாளர் பங்கை, அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம், வாசகர் புத்தகத்தைத் திருப்பினாலும் நமக்கு நஷ்டமில்லை' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு.

எழுத்தாளரே நூல் வெளியிட உதவும் அமேசான் சேவையான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கில் நாமே பணத்தை எடுக்கும் வசதி கிடையாது. ஒரு மாத விற்பனைக்கான தொகை, அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துதான் வங்கிக் கணக்குக்கு வரும். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசியில்தான் பணம்.

அப்புறம், மின்னூலைத் தவறுதலாக வாங்கியவர் 7 நாளுக்குள் திருப்பிவிட்டால் அவருக்குப் பணம் திரும்பப் போகும், நம் ராயல்டியும் கழியும். என் முதல் நூலுக்கு ஐந்து விற்பனை காட்டியது. இரண்டு திரும்பிவிட்டன, மூன்றுக்குத்தான் காசு வந்தது. திரையில் தெரியும் எண்ணை நம்பி அட்டைப்பட ஓவியருக்குப் பணம் தரும் தேதியைச் சொல்லிவிடாதீர்கள், பாவம், அவரும் காத்திருப்பார்.